பாட்டுக்குப் பெயர் கிடையாது

என் தம்பி பாதிஸ் படம் பார்க்கும்போது கண்ணை மூடிக்கொள்வான். கல்லூரித் திரைப்படக் குழு செவ்வாய்க்கிழமைகளில் போடும் பிரெஞ்சுப் படங்களையும் அப்படித்தான் பார்த்தான். கதவு சாத்தும் ஓசை, மழை, படியேறும் காலடி, இவைதான் அவனுக்குப் படம். தலைநகர் அல்ஜியர்ஸ் போய்த் திரைப்பட ஒலிப்பதிவு படிக்க ஆசைப்பட்டான். அப்பா உள்ளூரில் ஆசிரியர் கல்லூரியில் சேர்த்தார். அங்கே படித்து முடித்தால் அரசு வேலை நிச்சயம். அப்பா நகராட்சியில் தண்ணீர்க் குழாய் பொருத்துபவர். பட்டம் வாங்கிவிட்டு எங்கள் ஊரான கான்ஸ்டன்டைனின் தெருச் சுவர்களில் நாளெல்லாம் சாய்ந்து நிற்கும் பையன்களைத் தினமும் பார்ப்பவர்.

"பாட்டு, படம் எல்லாம் சம்பளம் வந்தப்புறம் வச்சுக்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமைகளில் பாதிஸ் கால்பந்து மைதானத்துக்குப் போவான். ரசிகர் குழுவின் பாட்டுகளை நண்பன் முனீரின் கார் ஷெட்டில், சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டுப் பதிவு செய்வார்கள். யார் எழுதியது, யார் பாடியது என்று எவரும் வாய் திறக்கக் கூடாது. பாட்டு மைதானத்துக்குச் சொந்தம். எல்லோரும் சிறைக்கு வெளியே இருப்பதற்கும் அதுதான் வழி. அந்த ஆண்டுப் பாட்டு, வேலை கிடைக்காமல் ஐரோப்பாவுக்குப் படகேறிக் கடலில் தொலைந்தவர்களைப் பற்றியது. அதற்குக் காரணமான பெரிய மனிதர்களையும் விட்டுவைக்கவில்லை. கூட்டத்தின் குரல் சேர்வதற்கு முன், முதல் இரண்டு வரி பாதிஸின் தனிக்குரல்.

சில நாட்களில் ஊரே அதைக் கேட்டது. அப்பா டோமினோ ஆடும் காபிக்கடையிலும் யாரோ போனில் போட்டார்கள். மகனைக் கடலில் இழந்த ஒருவர் அழுதுவிட்டாராம். எவர் பெற்ற பிள்ளையோ, நன்றாக இருக்கட்டும் என்றாராம். அப்பா காயைக் கீழே வைத்துவிட்டு, அது என் பையன் என்றாராம்.

அன்று சுட்ட இறைச்சி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "உனக்குள்ள இப்படி ஒரு குரல் இருக்குன்னு தெரியாமப் போச்சேடா" என்றவர், கடையில் நடந்ததையும் சொன்னார்.

பாதிஸ் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தான். "அங்க யார் யார் இருந்தாங்கப்பா?"

"எல்லாம் நம்ம ஆளுங்கதான்."

அடுத்த ஆட்டத்தன்று மைதான வாசலில் சாதாரண உடையில் நின்ற போலீஸ்காரர்கள் இருவர் அவனை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். மற்றவர்களின் பெயர் கேட்டு எவ்வளவு அடித்தும் அவன் சொல்லவில்லை என்று வக்கீல் பிறகு சொன்னார். குளிர்காலம் முழுக்கச் சிறை. வெளியே வந்தபோது கல்லூரி அவனை நீக்கியிருந்தது. அரசு வேலையை இனி நினைக்க முடியாது. இடது காது கேட்கவில்லை.

இப்போது அப்பா வேலை செய்யும் இடங்களில் தினக்கூலிக்குக் குழி தோண்டுகிறான். பழைய நண்பர்கள் யாரும் வீட்டுப்பக்கம் வருவதில்லை. பெருமைக்கு ஆசைப்பட்டு அவனே உளறிவிட்டான் என்பது அவர்கள் எண்ணம்.

போன மாதம் நான் மதியச் சாப்பாடு கொண்டுபோனபோது இருவரும் ஒரு சந்தில் உடைந்த குழாயோடு போராடிக்கொண்டிருந்தார்கள். முனீர் அந்த வழியாக வந்தான்.

"என்னடா பாடகரே, பேர் வாங்கணும்னு துடிச்சியே. வாங்கியாச்சா?"

குழிக்குள் இருந்த அப்பா நிமிர்ந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"நான்தான் வெளியே சொன்னேன், முனீர். தப்புதான்" என்றான் பாதிஸ். பிறகு அப்பாவிடம், "வால்வை மூடுங்கப்பா, தண்ணி ஏறுது."

அப்பா குனிந்து மூடினார். முனீர் சந்து முனையைத் தாண்டும்வரை அவர் நிமிரவில்லை.