ரெஜினா அக்காவோடு கேக் தின்ற சனிக்கிழமைகள்

ரெஜினா அக்கா போய்விட்டார் என்ற செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் வார்டில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது. போனில் கலா. ஊரப்பாக்கத்திலிருந்து பேசினாள். "சுந்தரி, எங்கேயாவது உக்காந்துக்கோ" என்றாள். இருபது வருஷம் நர்ஸாக இருக்கிற ஒருத்தி அப்படிச் சொன்னால், மீதியைக் கேட்க வேண்டியதே இல்லை. "அக்கா காலைல காபி போட எழுந்துருக்காங்க. அடுப்பைப் பத்த வச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்களாம். ஹார்ட்டு." நான் உடனே, "பிரஷர் எவ்வளவு இருந்துது?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது! போனவருக்குப் பிரஷர் என்ன, பல்ஸ் என்ன! அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு எரிச்சலாக வருகிறது.

நம் செவிலியர் மலருக்கு, "அக்காவோட சேவையைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்க" என்று கேட்டார்கள். அவருடைய சேவையைப் பற்றி எழுத உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவர் ஊசி போட்டால் குழந்தை அழாது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் கேக்கைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். மாதத்தில் எனக்கென்று ஒரே ஒரு காலை வேளை இருந்தது. அதை எனக்குக் கொடுத்தவர் ரெஜினா அக்கா. அது என் கையை விட்டுப் போக இருந்தபோது வீடு தேடி வந்து மீட்டுக் கொடுத்தவரும் அவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கம். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரே வார்டில் அக்கா, கலா, நான் மூன்று பேரும் வேலை பார்த்தோம். அக்கா எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். டூட்டி லிஸ்ட் எழுதுகிறவரும் அவர். புதுப்பட்டினத்துப் பக்கம், அடுத்தவர் வயலில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து படித்து வந்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு வாரம் நைட் டூட்டி முடிந்து, மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் மூவரும் வெளியே வந்தோம். பசி வயிற்றைக் கிள்ளியது. நான் திருக்கழுக்குன்றம் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன். அக்கா என் பையைப் பிடித்து இழுத்தார். "வூட்டுக்குப் போயி இன்னா பண்ணப் போற? பாத்திரம் கழுவுவ. வா, எலக்ட்ரிக் ட்ரெயின் நிக்கிது. மெட்ராசுல ஒரு கடை கீது, ஏசி போட்ட கடை. கேக்கு துன்னலாம்" என்றார்.

நுங்கம்பாக்கத்தில் இறங்கி நடந்தோம். வாசலில் கரும்பலகையில் 'பிரஞ்ச்' என்று எழுதியிருந்தது. காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் சாப்பிடுவதாம். கலா, "இதுக்கு ஒரு பேரா? நைட் டூட்டிக்காரங்க காலம்காலமா இதைத்தானே பண்றோம்!" என்றாள். உள்ளே மேசைக்கு மேசை கல்லூரிப் பெண்கள். நாங்கள் மூவரும் கசங்கிய வெள்ளைச் சேலையோடு, மருந்து வாசனை அடிக்க உட்கார்ந்தோம். டோஸ்ட், காபி, கடைசியில் சாக்லேட் கேக். எங்கள் வீடு கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் வீடு. முட்டை வாசற்படி தாண்டாது. "இதுல முட்டை இருக்குமா?" என்று நான் பரிமாறுகிறவரைக் கேட்க வாயெடுத்தேன். அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். "கேட்டா இருக்குன்னு சொல்லிடுவான். கேக்காம துன்னு." தின்றேன். அடேயப்பா! அந்த முதல் கரண்டியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அன்றிலிருந்து மாதாமாதம் கடைசிச் சனிக்கிழமை எங்களுடையது. எங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஷிஃப்ட் மாறும்போது நாம் ரிப்போர்ட் கொடுக்கிறோமே, படுக்கை எண், பெயர், ராத்திரி எப்படி இருந்தார், என்ன மருந்து என்று, அதே மாதிரி கஃபேயில் உட்கார்ந்ததும் ஒவ்வொருத்தியும் தன்னைப் பற்றியே ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். அதுவரை அக்கா மெனு கார்டைக் கவிழ்த்து வைத்திருப்பார். யார் நிலைமை மோசமோ அவள்தான் கேக்கைத் தேர்ந்தெடுக்கலாம். கலா ஆரம்பிப்பாள்: "ஒன்னாம் நம்பர் பெட், கலா. பக்கத்து பெட்டுக்காரர் கொறட்டையால தூக்கம் இல்ல. நார்மல் டயட்." நான்: "ரெண்டாம் நம்பர், சுந்தரி. பேஷன்ட் பரவால்ல. மாமியார் கண்டிஷன்தான் சீரியஸ்." அக்கா கடைசியில், "மூணாம் நம்பர், ரெஜினா. கல்யாணம் ஆவல, அதனால கம்ப்ளெயின்ட் ஒன்னும் கெடயாது. பசி மட்டும் ஜாஸ்தி" என்பார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்போம். முக்கால்வாசி மாதம் கேக்கைத் தேர்ந்தெடுக்கிற உரிமை எனக்குத்தான் கிடைக்கும். மாமியாருக்கு இந்த ஒரு விஷயத்தில் நான் கடமைப்பட்டவள்.

ஆனால் வீட்டில் இது யாருக்கும் தெரியாது. ஆள் குறைவு, மதியம்வரை டூட்டி நீட்டிவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தேன். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. அக்காவிடம் மாட்டிக்கொண்டது ஊரப்பாக்கம் ஸ்டேஷனில். கலாவின் மாமனார் அங்கே பிளாட்பார பெஞ்சில் பேப்பர் படிப்பார். ரயில் நிற்கும்போது கலா ஜன்னல் வழியாகக் கை காட்டுவாள், அவரும் "நல்லா சாப்ட்டு வாம்மா" என்பார். அவருக்கு எங்கள் ஊரில் உறவு உண்டு என்பதால், ஊரப்பாக்கம் வந்தாலே நான் செருப்பைத் தேடுகிறவள் போலக் குனிந்துவிடுவேன். ஒரு நாள் அக்கா கேட்டுவிட்டார்: "மாசா மாசம் இதே ஸ்டேஷன்ல உன் செருப்பு காணாம பூடுதே, இன்னாடி விஷயம்?"

சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் இறுகிவிட்டது. "நாம இன்னா திருட்டுத்தனமா பண்றோம்? வேலைக்குப் போறேன்னா வழி வுடுவாங்க. கோயிலுக்குப் போறேன்னா வழி வுடுவாங்க. சந்தோஷமா இருக்கப் போறேன்னு சொல்லிட்டு ஒரு பொம்பள வாசலத் தாண்டட்டும், பாக்கலாம்! நீ பொய் சொன்னா, நாம பண்றது தப்புன்னு நீயே ஒத்துக்கினு இருக்கறன்னு அர்த்தம். வூட்டுல சொல்லிட்டு வா. சொல்லாத வராத" என்றார். எனக்கு வந்ததே கோபம்! "உங்களுக்கு என்னக்கா, கேக்க ஆள் கிடையாது. பேசுவீங்க" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஒரு மாதம் வீம்பு பிடித்தேன். பிறகு ஒரு மாலை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. கோயில் அலுவலகத்தில் எழுத்தர். குரல் உயர்த்திப் பேச மாட்டார். "நம்ம வீட்டுல காபி இல்லையா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்புறம் எதுக்கு மெட்ராஸ்? வேண்டாம்." அவ்வளவுதான், பேப்பருக்குள் போய்விட்டார். நான் உண்மையைச் சொன்னேன், கைக்கு வந்தது பூஜ்யம்! அக்கா மேல்தான் எனக்கு ஆத்திரம். மூன்று மாதம் வார்டில் அவரோடு குளுக்கோஸ் பாட்டிலைப் பற்றித் தவிர வேறு எதுவும் பேசவில்லை. அவர்கள் இருவரும் போய் வந்த திங்கட்கிழமைகளில் கலாவின் முகத்தைக்கூட நான் பார்க்க மாட்டேன். பார்த்தால் அழுகை வந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்த கையோடு, பட்டுச் சேலையில் ரெஜினா அக்கா திருக்கழுக்குன்றத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். என் மாமியார் பின் அலமாரியில் தனியாக வைத்திருக்கும் டம்ளரில் காபி கொண்டுவந்தார். யாருக்கு எந்த டம்ளர் என்பது எங்கள் வீட்டில் பேசாமலே நடக்கும் காரியம். எனக்கு உடம்பு கூசிப்போனது. அக்கா ஒரு பார்வை பார்த்தார். "காபி வாசன நல்லாத்தான் கீதும்மா. டம்ளர்தான் ரொம்ப நாளா அலமாரியிலயே இருந்த மாதிரி கீது. நீங்க குடிக்கிறதுல ஒன்னு குடுங்க" என்றார், சிரித்த முகமாகவே. மாமியார் அசையவில்லை. நான் போய் என் டம்ளரில் மாற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் அதை வாய் வைத்து, நிதானமாகக் குடித்து முடித்தார்.

பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். "சார், ரிப்போர்ட்டு குடுக்கத்தான் வந்தேன். பேரு சுந்தரி. வயசு முப்பத்தொன்னு. ஜுரம் கெடயாது, பிரஷர் நார்மல். மூணு மாசமா சிரிப்பு கம்மி. வார்டுல எல்லார் மேலயும் எரிஞ்சி விழுது. நேத்து ஒரு பெரியவரு தண்ணி கேட்டதுக்கு, 'இப்ப குடிக்கலன்னா செத்தா போயிடுவீங்க'ன்னு கேட்டுச்சி." அது உண்மைதான். எனக்குத் தரையில் புதைந்துகொள்ளலாம் போல இருந்தது. "இதுக்கு ஒரு மருந்து ஓடிக்கினு இருந்துது சார். மாசத்துல ஒரு நாளு, நாலு மணி நேரம். அத நிறுத்தியிருக்கீங்க. எங்க வேலைல, மருந்த நிறுத்துனவங்க எழுதிக் கையெழுத்து போடணும். இன்னா காரணத்துக்கு நிறுத்துனாங்கன்னும் எழுதணும். நாளைக்கு எவனாவது கேட்டா நர்ஸுதான் மாட்டுவா." கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, பேனா மூடியைக் கழற்றி, அவர் முன்னால் வைத்தார்.

என் வீட்டுக்காரர் கோயில் அலுவலகத்தில் ஒரு தேங்காய் ரசீதுக்குக்கூட மூன்று தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர். நோட்டைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காரணம் என்று எழுத அவரிடம் ஒன்றும் இல்லை. "இதுக்கெல்லாம் எதுக்கும்மா கையெழுத்து" என்று இழுத்தார். "அப்ப நிறுத்தல. சரி சார்" என்று அக்கா நோட்டை மூடிவிட்டு எழுந்தார். வாசல்வரை கூடப் போனேன். ரயிலில் நான் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கேக்க ஆளு கெடயாதுன்னு எவடி சொன்னது? நீ மூணு மாசம் பேசாம இருந்தியே, அது என்னக் கேட்ட மாதிரி இல்லாம வேற இன்னா?" என்று என் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

அந்த மாதம் கடைசிச் சனிக்கிழமை ஊரப்பாக்கத்தில் நான் ரயில் வாசலில் நின்று பாதி உடம்பை வெளியே நீட்டிக் கை காட்டினேன். கலாவின் மாமனார் பயந்தே போனார்.

பிற்பாடு எங்களுக்கு நைட் டூட்டி குறைந்தது, கலாவுக்கு முட்டிவலி வந்தது. ரயிலை விட்டுவிட்டு மாமல்லபுரத்துக்கு மாறினோம். கடற்கரைக்குப் போகிற தெருக்களில் வெள்ளைக்காரர்களுக்காக மாடிக் கஃபேக்கள் வந்திருந்த காலம். வாழைப்பழம் வைத்த பேன்கேக், எலுமிச்சை கேக் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டோம். ஒரு தடவை காபியைக் கண்ணாடிக் குவளையில், மேலே ஒரு கம்பியும் வட்டத் தகடும் வைத்துக் கொண்டுவந்தார்கள். கம்பியை மெதுவாக அழுத்தினால் தூள் கீழே போகும், தெளிந்த காபி மேலே நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. அக்கா பார்த்தார். "இன்னாடி இது, ஐம்பது மில்லி சிரிஞ்சி!" கம்பியை முழுசாக மேலே இழுத்தார், குவளையை வெளிச்சத்தில் தூக்கிக் காற்றுக்குமிழி இருக்கிறதா என்று விரலால் சுண்டிப் பார்த்தார், கட்டை விரலால் ஓங்கி ஒரு அழுத்து. காபி மூன்று பேர் சேலையிலும் பக்கத்து மேசை வெள்ளைக்காரரின் தாடியிலும் போய் விழுந்தது. அக்கா பதறவில்லை. அந்த ஆளின் தாடியை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்து, சூடுபட்டிருக்கிறதா என்று மோவாயைத் திருப்பிப் பார்த்து, "நத்திங், நத்திங். நோ பர்ன்" என்று தேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். இன்றைக்கு இதை எழுதும்போதும் சிரிப்பு வந்து பேனா ஆடுகிறது.

அடக்கம் முடிந்து, அந்த மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை வந்தது. நான் குளிக்காமல் கொள்ளாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். "இன்னைக்குப் போகலையா?" என்றார் என் வீட்டுக்காரர். யாரோடு போக என்றேன். "வேணும்னா நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நீங்க வேண்டாம். எனக்கு ஆள் இருக்கு" என்று எழுந்து, குளித்து, கலாவுக்குப் போன் செய்தேன். அவள் ஏற்கெனவே புறப்பட்டு, செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தாள்.

மாமல்லபுரத்தில் இருவரும் ஒரு கேக் வாங்கினோம். ரிப்போர்ட் கொடுக்கவில்லை. அழுதோம். அழுதுகொண்டே தின்றோம். கேக் நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று கலா சத்தமாகச் சொன்னாள், நானும் சொன்னேன். அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இது ஒன்றுதான். என் சந்தோஷத்துக்காக நான் யாரிடமும் பொய் சொல்வதில்லை. துக்கத்துக்கு நடுவில் வந்தால்கூட அதை ஒளித்து வைப்பதில்லை.

மதியம் வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்துவிட்ட என் வீட்டுக்காரர், "என்ன சாப்பிட்டீங்க?" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எதிரில் உட்காரச் சொன்னேன். முட்டை போட்ட கேக் என்பதிலிருந்து ஆரம்பித்து, ஒன்றுவிடாமல் சொன்னேன்.