நீச்சல், சைக்கிள், ஓட்டம், கன்னையன்

“ஏனுங்க சார், காலத் தரையிலிருந்து எடுங்க! நீச்சலுங்க இது, நடைப்பயணமில்லீங்க!”

விடுதி நீச்சல் குளத்தின் கரையோரம் ஓடிக்கொண்டே கத்துவார் கன்னையன். நடுவில் விசிலும் ஊதுவார். இடுப்பளவுத் தண்ணீரில் கைகளை மட்டும் வீசியபடி நடந்துபோகும் ஏற்றுமதி மேலாளர்கள், உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து அவருக்குக் கையசைப்பார்கள்.

கன்னையனுக்குத் திருமுருகன்பூண்டியில் பனியன் அயர்னிங் யூனிட். சேவூரில் கொஞ்சம் தோட்டம், அதில் ஒரு கிணறு. சர்க்கரை கூடிவிட்டது, உடம்பை அசையுங்கள் என்றார் மருத்துவர். மற்றவர்களாக இருந்தால் காலையில் நாலு தெரு நடந்திருப்பார்கள். கன்னையன் கைப்பேசியில் வெள்ளைக்காரர்கள் நீந்தி, சைக்கிள் மிதித்து, அப்புறம் ஓடவும் செய்வதைப் பார்த்துவிட்டு, ‘சேவூர் ட்ரையத்லான்’ என்று அறிவித்துவிட்டார்.

முதல் வருடம் மூன்று பேர். ஒருவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்ததோடு விடைபெற்றார். இன்னொருவர் மைத்துனர் அய்யாசாமி. சைக்கிளில் அவிநாசி பேக்கரி வரை போய், அங்கேயே தங்கிவிட்டார். மிச்சமிருந்த கன்னையனுக்கு முதல் பரிசு. வழங்கியவர் அவர் மனைவி வேலாத்தாள். “கோப்பைய வெளியவே வெச்சுக்கோங்க. ஊட்டுக்குள்ள எடமில்லீங்க” என்பதே அவருடைய வாழ்த்துரை.

பிறகு போட்டி வளர்ந்தது. அதாவது, டி-ஷர்ட் வளர்ந்தது. இந்த ஊரில் ஓட ஆள் கிடைக்காமல் போகலாம். பனியன் கிடைக்காமல் போகாது. கம்பெனிகள் தங்கள் பெயரைப் போட்டு இலவசமாகக் கொடுக்க, வாங்கக் கூட்டம் வந்தது. கூட்டத்தைப் பார்த்துப் பிரமுகர்கள் வந்தார்கள். பிரமுகர்களுக்குக் கிணறு ரொம்ப ஆழம். கமிட்டி கூடி நீச்சலை விடுதிக்கு மாற்றியது. தண்ணீரில் நடந்தாலும் அது நீச்சலே என்று தீர்மானமும் போட்டது. எதிர்த்தவர் கன்னையன் ஒருவர்தான். அதற்காக அவரை ‘நிறுவனர்’ ஆக்கி, இருந்த பொறுப்பையெல்லாம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் அந்தக் குளத்தில் ஒருவர் நிஜமாகவே நீந்தினார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ரோஸ்மேரி; தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர். சுடிதாரோடு குதித்து, மேலாளர்களை விலக்கிக்கொண்டு முதல் ஆளாகக் கரையேறினார். கன்னையன் ஊதுவதை மறந்து கைதட்டினார்.

ஆனால் ரோஸ்மேரியின் சைக்கிள் இரவல். பாதி வழியில் செயின் அறுந்தது. அவர் தள்ளிக்கொண்டு போக, லட்ச ரூபாய் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கடந்தன. ஓட்டம் தொடங்குமிடத்தில் இரவல் சைக்கிளைப் போட்டுவிட்டு அவர் ஓட ஆரம்பித்தபோது, மேடையில் பரிசளிப்பே தொடங்கியிருந்தது.

பேச்சு முடிந்தது. பொங்கல் தீர்ந்தது. முடிவிடத்தில் நின்ற காற்றடைத்த துணி வளைவைக் கழற்ற, அதை வாடகைக்குக் கொடுத்தவர்கள் காற்றூதும் மோட்டாரை நிறுத்தப் போனார்கள்.

“பொறுங்க, இன்னும் ஒருத்தரு வரோணும்” என்றார் கன்னையன்.

“யாருங்க, வி.ஐ.பி.யா?”

“ஆமாங்க.”

அவர்கள் சாலையைப் பார்த்தார்கள். வியர்வையில் நனைந்த சுடிதாரில் ஒரு பெண் ஓடிவந்துகொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே மோட்டாரை நிறுத்தினார்கள்.

வளைவு தளர்ந்து சரிவதைப் பார்த்ததும் ரோஸ்மேரி அப்படியே நின்றுவிட்டார். “எல்லாம் முடிஞ்சிட்டா அண்ணாச்சி?”

“முடியில கண்ணு, நீ ஓடி வா!”

கத்திக்கொண்டே கன்னையன் துணிக்கு அடியில் புகுந்தார். ‘ஃபினிஷ்’ என்று எழுதிய இடத்தை இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, குதிகாலை உயர்த்தி நின்றார்.