கொடி கீழேதான் இருந்தது

மனிதர்கள் பேசுவதைக் காதில் வாங்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். டீக்கடைப் பேச்சு, பஸ் பேச்சு எதையும் விடமாட்டேன். ஒரே ஒரு பேச்சைக் கேட்டால் மட்டும் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரியும்: “கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க.”

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் கல்லூரிகளுக்கு இடையே கால்பந்து இறுதிப் போட்டி. நடத்திய சிதம்பரம் கல்லூரியும் எங்கள் கடலூர்க் கல்லூரியும் மோதின. நான் லைன்ஸ்மேன்; கோட்டோரம் கொடியோடு ஓடி ஆப்சைடு பார்க்கிறவன். கல்லூரி வாசலை மிதித்துப் படித்தவனில்லை. செம்மங்குப்பத்தில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பாய்லர் பார்த்துக்கொண்டே, இங்கிலீஷ் விதிப்புத்தகத்தை அகராதி வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவன்; நடுவர் பரீட்சை எதுவும் எழுதியதில்லை.

கடலூர் அணியின் முன்வரிசையில் துறைமுகத்துப் பக்கத்துப் பையன் ஒருவன். அப்பாவின் படகு அலையோடு போயிருந்தது. விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலைக்கு மனுப் போட்டிருந்தான். முதலிடச் சான்றிதழ் இருந்தால்தான் மனு நிற்கும். இது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சிறப்பு விருந்தினர் மூன்றரை மணிக்கு வந்து பந்தை உதைத்துத் தொடங்கிவைப்பதாக ஏற்பாடு. வரவில்லை. நான்கு மணி வரை பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஒன்றுக்கு ஒன்று. முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்தத் துறைமுகத்துப் பையனுக்குப் பந்து வந்தது. பந்து தட்டப்பட்ட நேரத்தில் அவனுக்கும் கோலுக்கும் நடுவே கோல்கீப்பரோடு இன்னொரு ஆளும் நின்றான். அப்படி இரண்டு பேர் நின்றால் ஆப்சைடு இல்லை, கொடி தூக்கக் கூடாது. எனக்கு நேர் எதிரே நடந்தது. என் கொடி கீழேதான் இருந்தது. அவன் அந்த ஆளையும் தாண்டிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேட்டுச் சத்தம். விருந்தினரின் கார் மைதானத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி மைக்கில் சிதம்பரம் கல்லூரியின் உடற்கல்வி ஆசிரியர், பி.டி. சார், கத்துகிறார். நடுவர் விசிலை ஊதிவிட்டார். அதற்குப் பிறகுதான் பந்து வலைக்குள் போனது. ஒருத்தரும் பார்க்கவில்லை. எல்லோருக்கும் கண் காரின் மேல்.

இரண்டு அணியையும் வரிசையாக நிறுத்தினார்கள். பொன்னாடை, மாலை, சோடா, கைகுலுக்கல். மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அவனிடம், நன்றாக ஆட வேண்டும் தம்பி என்றாரே விருந்தினர், அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன். கால் மணி நேரம் போயிற்று. பிறகு நடுவர் இரண்டு பேருக்கு நடுவே பந்தைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்கினார். பிள்ளைகளுக்கு உடம்பு ஆறிப்போயிருந்தது. கடைசி நிமிடத்தில் ஒரு கார்னர். சிதம்பரத்துக்காரன் தலையால் முட்டினான். இரண்டுக்கு ஒன்று.

கடலூர் கோச் புகார் எழுதிக் கொடுத்தார். ஏற்றுக்கொண்டால் மறுநாள் மறு ஆட்டம். நடுவரையும் என்னையும் விளையாட்டு அறைக்குக் கூப்பிட்டார்கள். பி.டி. சார் ஒரு தாளை நீட்டினார். விசில் ஊதியது ஆப்சைடுக்காக என்று எழுதியிருந்தது; அப்படியானால் புகார் செல்லாது. நடுவர் அப்போதே கையெழுத்துப் போட்டிருந்தார். நான் கொடியே தூக்கவில்லையே என்றேன்.

“நீ என்ன பரீட்ச எழுதியா கொடி புடிக்கிற? ஒன் பேச்ச எவன் கேப்பான்?” என்றார் பி.டி. சார்.

நடுவர் எனக்குப் பதினைந்து வருடச் சிநேகிதன். தோளில் கையைப் போட்டான்.

“மச்சான், காருக்காக நிறுத்துனோம்னு எழுத முடியுமா? வந்தவரு மனசு நோவும். கொஞ்சம் அனுசரிச்சுப் போ.”

போட்டேன். பரீட்சை என்ற சொல்லில் கூனிப்போய்ப் போட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். அடுத்த வருடமும் கொடி என் கையில் இருக்க வேண்டும் என்றுதான் போட்டேன்.

வெளியே அந்தப் பையன் நின்றிருந்தான்.

“அண்ணே, நீங்க கொடி தூக்கவே இல்லயே?”

“இல்லப்பா.”

“அத உள்ள சொன்னீங்களா?”

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி நடந்தேன்.

மனு நிற்கவில்லை. பிறகு அவன் எங்கள் கம்பெனிக்கு அடுத்த கம்பெனியில் காண்ட்ராக்டில் டிரம் ஏற்ற வந்தான். ஷிப்ட் மாறும்போது கேட்டில் பார்த்தால் வணக்கம் சொல்வான். நாலு வார்த்தை திட்டித் தொலைத்திருக்கலாம். அந்த வணக்கத்துக்கு நான் தலையாட்ட வேண்டியிருந்ததே.

மறு வருடம் பி.டி. சாரே போன் செய்தார். இந்தத் தடவை ‘நீங்க’ என்றார். பைனலுக்கு வந்துவிடுங்கள், பிரச்சினை பண்ணாத ஆள் நீங்கள்தான் என்று சந்தோஷமாகச் சொன்னார். எனக்குக் காது சுட்டது.

“சார், போன தடவ அந்தக் கடலூர்ப் பையன் ஆப்சைடு இல்ல. நான் போட்டது பொய்க் கையெழுத்து. அத எழுதித் தர்றேன், வாங்கிக்குறீங்களா?”

அதெல்லாம் முடிந்துபோன கதை என்று போனை வைத்துவிட்டார். அன்றைக்கே எழுதி ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். அவர் கையெழுத்தோடு ஒப்புகை அட்டை மட்டும் வந்தது. அதற்குப் பிறகு எந்தக் கல்லூரியும் என்னைக் கொடி பிடிக்கக் கூப்பிடவில்லை.

கடிதத்தின் நகல் ஒன்றைக் கேட்டில் அவனிடம் கொடுத்தேன். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்று முழுக்கப் படித்தான்.

“இத வச்சு இப்ப என்னண்ணே பண்றது?” என்றான்.