மண்தின்னியின் நாக்கு

அந்தப் பெயரை அவள் முதன்முதலாகக் கேட்டது நாற்றுப்பண்ணை வாசலில். கணவர் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டு போயிருந்தாள்.

"யாரு, மண்தின்னியா? புளூபெர்ரி பாத்தியில இருப்பார், போங்க," என்றார் காவல்காரர்.

கல்யாணமாகி நாலு மாதம். கட்டினவருக்கு இப்படி ஒரு பட்டப்பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. சாயங்காலம் கேட்டாள். அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்.

புளூபெர்ரிக்கு மண் புளிக்க வேண்டும். அதற்காகக் கந்தகத் தூளைக் கலந்து, மரப்பட்டைத் தூளால் மூடி, மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். எவ்வளவு புளித்திருக்கிறது என்று அறிய மண்ணைத் தண்ணீரில் கரைத்து ஒரு காகிதத்தை நனைக்க வேண்டும். காகிதம் எந்த நிறத்துக்கு மாறுகிறது என்பதில்தான் கணக்கு. அவருக்கோ சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். அவருடைய தாய்மாமனுக்கும் அதே கண். லாரி ஓட்ட உரிமம் கேட்கப் போய், கண் பரிசோதனையிலேயே வீடு திரும்பிய மனிதர் அவர். அதனால் இவர் காகிதத்தை நனைப்பதுபோல் நனைத்துவிட்டு, திரும்பி நின்று ஒரு சொட்டை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, புளிப்பு எவ்வளவு என்ற எண்ணைச் சொல்வார். ஒருநாளும் தப்பியதில்லை. பார்த்தவர்கள் இது ஏதோ கிறுக்கு என்று நினைத்துப் பெயர் வைத்துவிட்டார்கள்.

"வெளிய தெரிஞ்சா வேலை போச்சு," என்றார்.

"என் வாயிலருந்து வராது."

அடுத்த வருஷம் அவளும் அதே பண்ணையில் தொட்டி கழுவும் வேலைக்குச் சேர்ந்தாள். அதன்பிறகு ஆறு வருஷம் நிம்மதி என்பதே இல்லை. யாராவது அவரிடம் ஒரு பூவை நீட்டி "இது என்ன கலர்?" என்று விளையாட்டுக்குக் கேட்டாலும் இவள் முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்.

புது மேலாளரம்மா வந்த மாதம் மூன்றாம் பாத்தியில் மண்ணில் புளிப்புப் போதாமல் இலைகள் மஞ்சளடித்தன. இரண்டு நாள் கழித்துக் காலையில் டிராக்டர்காரர் ஒரு பிளாஸ்டிக் கேனைக் கழுவப் போட்டார். அவள் தண்ணீர் ஊற்றினாள். வழிந்த தண்ணீர் சிமெண்டுத் தரையில் பட்டுச் சுர்ரென்று நுரைத்தது.

"இதுல என்னண்ணே இருந்துச்சு?"

"பேட்டரிக்கு ஊத்தற ஆசிட். கந்தகம் வேலை செய்ய நாலு மாசம் ஆகும்னு உன் வீட்டுக்காரர் சொன்னாரு. அம்மாவுக்கு நாலு நாள் பொறுக்கலை. மூணாம் பாத்தியில ஊத்தச் சொன்னாங்க." அவர் சிரித்தார். "பதினொரு மணிக்கு அளக்க வர்றாரு இல்ல? இன்னிக்கு நல்லாப் புளிக்கும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று தாண்டியிருந்தது.

கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். கத்தினால் வேலை போகும், கத்தாவிட்டால் நாக்கு போகும். பாத்தி ஓரத்தில் அவர் கிண்ணத்தோடு நின்றார். பக்கத்திலேயே மேலாளரம்மா.

"ஏங்க, வீட்டுலருந்து போன் வந்திருக்கு."

"அப்புறம் பேசறேன், போ." வழக்கம்போலத் திரும்பி நின்றார். விரல் கிண்ணத்துக்குள் போய் வெளியே வந்தது.

"வாயில வைக்காதீங்க. அது ஆசிட்டு."

விரல் உதட்டுக்குக் கீழே நின்றது.

"வாயில எதுக்கு வைக்கணும்? காகிதம் இருக்கே," என்றார் மேலாளரம்மா. ஒரு காகிதத்தைத் தானே நனைத்துத் தூக்கிப் பிடித்தார். ரத்தச் சிவப்பு. "இது என்ன கலர்?"

அவர் காகிதத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"பச்சைங்க," என்றார்.

விரல் நுனி சிவந்து எரியத் தொடங்கியிருந்தது. அவள் அதைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் பாத்தியில் நாற்பது செடி கருகியது. கேனைப் பற்றி மேலாளரம்மா அப்புறம் பேச்சே எடுக்கவில்லை. தன் தப்பு வெளியே வந்துவிடும் என்றோ என்னவோ, அவள் கணவரை வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை, இடம் மட்டும் மாற்றினார். ஒன்பது நாள் அவர் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்தாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, "போன் வந்திருக்குன்னு சாவகாசமாப் பொய் சொன்னியே, அதுக்குள்ள நாக்கு போயிருக்கும்," என்றார். அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

இப்போது பதினொரு மணிக்குக் காகிதம் நனைக்க அவள் போகிறாள். அவர் பண்ணையின் பின்பக்கக் கொட்டகையில் மரப்பட்டை அரைக்கிறார்.