தாணப்பனின் இடது கால்

டிராக்டரில் ஏறுவதற்கு முன்னால் தாணப்பன் பின்டயரை இரண்டு தட்டுத் தட்டுவார். காற்று பார்ப்பதுபோலத் தெரியும். உண்மையில் அவர் பார்ப்பது, பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று. இல்லையென்றால் வலது காலைப் படியில் ஊன்றிக் கைப்பிடியில் தொங்கி, இடது காலை வேட்டியோடு சேர்த்துக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொள்வார், சாக்கு மூட்டையை ஏற்றுவதுபோல. ஆள் இருந்தால், அவர் நகரும்வரை டயருக்கு மூன்றாவது தட்டும் விழும். போன பங்குனி வரை இப்படித்தான் ஏறினார்.

ஐம்பத்தெட்டு வயது. எங்கள் ஊர் உழவர் குழுவின் டிராக்டரைப் பதினேழு வருடமாக ஓட்டுகிறவர். மின்வாரியத்திலிருந்து ஓய்வு பெற்றுவந்த நான் அந்தக் குழுவின் செயலாளர். நடவுக்கு முன் வயல்சேற்றை உழுது அவர் தொழி கலக்குவதைப் பார்க்க நான் வரப்பில் நின்றதுண்டு. வயலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே கியர். திரும்பும்போதுகூட மாற்றமாட்டார். பெரிய வட்டமாக வளைத்து, பக்கத்து வயலின் ஓரத்தை உரசிக்கொண்டு வருவார். பின்னால் எடுப்பது என்பதே கிடையாது. கேட்டால் காரணம் வைத்திருப்பார்.

"கியர மாத்திக்கிட்டே கெடந்தா மண்ணு ஒண்ணுபோல கலங்காது சாரே. ரிவர்ஸ் எடுக்கவனுக்கு வளைக்கத் தெரியாதுன்னு அர்த்தம்."

இதையெல்லாம் கைத்திறன் என்று நினைத்து, வேறு ஊர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இடது காலால் கிளட்ச் மிதிப்பதைக் குறைக்க ஒரு மனிதர் கண்டுபிடித்த வழிகள் அவை என்று எனக்குத் தெரியாது. மூட்டு தேய்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது. மனைவி பகவதிக்கு மட்டும் தெரியும். இரவில் அவள் தைலம் தேய்க்கும்போது ஜன்னலைச் சாத்தச் சொல்வாராம், மணம் வெளியே போகக் கூடாதென்று.

போன வருடம் கன்னிப்பூ என்னும் முதல் போக நடவின்போது அது நடந்தது. குளத்தங்கரைச் சாலையில் நாற்றுக்கட்டுகளோடு நடவுக்காரப் பெண்கள் குறுக்கே கடந்தார்கள். தாணப்பன் கிளட்சை மிதித்து வண்டியை நிறுத்தினார். நியூட்ரலுக்குத் தள்ளியிருக்கலாம். தள்ளினால் மறுபடி ஒருதரம் மிதிக்க வேண்டும். அந்த ஒரு மிதியை மிச்சம் பிடிக்க, காலை அழுத்தியபடியே காத்திருந்தார். மூன்று பேர் கடந்துவிட்டார்கள். நான்காவதாக ஜாஸ்மி வந்தாள். மூட்டு வெட்டி இழுத்தது, கால் வழுக்கியது, வண்டி துள்ளிப் பாய்ந்தது. ஜாஸ்மி தூக்கி எறியப்பட்டுக் கல்லில் விழுந்தாள். வலது கை இரண்டு இடத்தில் ஒடிந்தது.

பதறி ஓடிவந்த எங்களிடம் தாணப்பன் சொன்னது ஒரே வார்த்தை: "கிளச்சு விட்டுட்டு."

பத்து நாளைக்கு முன்னால்தான் மத்தியாஸ் அந்த வண்டிக்குப் புது கிளட்ச் பிளேட் போட்டிருந்தார். முட்டத்துக்காரர், எங்கள் ஊர்ச் சந்திப்பில் தகரக் கொட்டகை போட்டு ஒன்பது வருடமாக வண்டிகள் பழுது பார்த்துவந்தார். கிளட்ச் பிடி விட்டுவிட்டது என்றால் பிளேட் போட்டவர் தப்பு; யாரும் வேறு எதையும் யோசிக்கவில்லை. 'கவனக்குறைவாகப் பழுதுபார்த்த காரணத்தால் மத்தியாஸிடம் இனி எந்த வேலையும் கொடுப்பதில்லை' என்று படிப்பகத்துப் பலகையில் நோட்டீஸ் ஒட்டினோம். எழுதியவன் நான். கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் எப்போதும் என்னைத்தான் எழுதச் சொல்வார்கள்.

மத்தியாஸ் ஒருமுறை என் வீட்டுக்கு வந்தார். "நான் போட்ட பிளேட்டு அப்பிடி விடாது சாரே. ஒருக்கா கழத்திப் பாத்துட்டுப் பேசுங்க" என்றார். வேறு மெக்கானிக் கழற்றி வேறு பிளேட் போட்டார். பழையதை அவர் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊரே பைக்கைக்கூட மத்தியாஸிடம் விடாமல் போனதும் கொட்டகையைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பழைய டிராக்டர் ஓய்ந்தது. பங்குனியில் புதிது வாங்குவது என்று முடிவாகி, நாகர்கோவில் ஷோரூமிலிருந்து ஷிஜி என்ற பெண் இரண்டு வண்டிகளை லாரியில் கொண்டுவந்தாள். ஒன்று வழக்கமான கியர் வண்டி. மற்றது ஹைட்ரோஸ்டேட்டிக். தென்னந்தோப்பில் இறக்கி நிறுத்தி அவளே ஓட்டிக் காட்டினாள்.

"இதுல எண்ணெய்தான் சக்கரத்தத் தள்ளுது. கியர் மாத்த வேண்டாம். பெடல முன்னால அழுத்துனா முன்னால போகும், பின்னால அழுத்துனா பின்னால போகும். கால எடுத்தா நின்னுரும். ஓடும்போது எல்லாம் வலது கால்தான்."

குறைகளையும் அவள் மறைக்கவில்லை. விலை கூடுதல், டீசலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். ஆழத் தொழியில் கியர் வண்டியின் இழுவை வராது. கோளாறு வந்தால் கம்பெனி ஆள்தான் வரவேண்டும். ஆனால் மரத்துக்கு மரம் முன்னும் பின்னும் போய்வரும் தோப்பு வேலைக்கு இதை அடிக்க முடியாது. எங்கள் ஊரில் வயலில் பாதி வாழையும் தென்னையுமாக மாறிப் பல காலமாகிறது. இரண்டு பக்கமும் ஞாயம் இருந்ததால் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. கடைசியில், "ஓட்டப்போறது தாணப்பன். அவரே சொல்லட்டும்" என்றார்கள்.

தாணப்பன் முதலில் கியர் வண்டியில் ஒரு சுற்றுப் போய்வந்தார். பிறகு மற்றதில் ஏறினார். பெடலை மெல்லத் தொட்டார். வண்டி நகர்ந்தது. இரண்டு தென்னைக்கு நடுவே போய் நின்றார். பின்னால் எடுத்தார். மறுபடி முன்னால், மறுபடி பின்னால். நாலைந்து வருடமாக அவர் பின்னால் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஏழெட்டு முறை, ஒரு தேவையும் இல்லாமல், போய்ப்போய் வந்தார். அவர் இடது கால் பலகைமேல் சும்மா கிடந்தது. முகத்தில் ஒரு சிரிப்பு. யாருக்கும் காட்டுவதற்கான சிரிப்பல்ல.

இறங்கி வந்து சொன்னார்: "கியர் வண்டியே எடுங்க. இது பொம்பளையள் ஓட்டுற ஸ்கூட்டர்மாதி இருக்கு."

எல்லாரும் சிரித்தோம். ஷிஜி சிரிக்கவில்லை. காகிதங்களைப் பைக்குள் வைக்க ஆரம்பித்தாள்.

தேங்காய் பொறுக்க வந்திருந்த ஜாஸ்மி அப்போதுதான் பக்கத்தில் வந்தாள். அவளது வலது கை இன்னும் முழுதாக நீளாது. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஷிஜியிடம் கேட்டாள்: "கால எடுத்தா நின்னுருமா மக்ளே? பாயாதா?"

"பாயாது அக்கா."

"அப்போ இத எடுக்கப்பிடாதா அண்ணாச்சி?" என்று தாணப்பனிடம் திரும்பினாள். "அன்னைக்கி இது இருந்திருந்தா எனக்கு இப்பிடி ஆவுமா? உமக்கும் எவ்வளவு சங்கடம். அந்த மத்தியாசு நல்லாருக்க மாட்டான்."

உமக்கும் எவ்வளவு சங்கடம் என்று அவள் உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னாள். தாணப்பன் தென்னையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"கிளச்சு விடல்ல" என்றார். "எனக்க காலுதான் விட்டுட்டு."

யாருக்கும் முதலில் புரியவில்லை. அவர் வேட்டியை உயர்த்தி மூட்டைக் காட்டினார். பலாக்காய்போல வீங்கிக் கிடந்தது.

"ஏன் அண்ணாச்சி அன்னைக்கே சொல்லல்ல?" என்று கேட்டாள் ஜாஸ்மி. குரலில் கோபம்கூட இல்லை.

"சொன்னா வண்டியிலேருந்து எறக்கிருவாவ. வேற எனக்கு என்ன தெரியும்?"

"லேய், மத்தியாசுக்க பொழப்பக் கெடுத்திட்டியே" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அது தாணப்பனைத்தான் சொன்னது. ஆனால் என் காதுதான் எரிந்தது.

மறுநாள் காலையில் நானும் தாணப்பனும் பஸ் பிடித்து நாகர்கோவில் வடசேரிக்குப் போனோம். ஒரு பைக் ஒர்க்ஷாப்பில் மத்தியாஸ் இன்னொருவர் கீழே கூலிக்கு வேலை செய்துகொண்டிருந்தார். குந்தியிருந்து செயின் முறுக்கிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்தும் எழவில்லை. தாணப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்குத் தெரியும்" என்றார் மத்தியாஸ்.

"தெரியுமா?"

"நான் போட்ட பிளேட்டு எனக்குத் தெரியாதா? நீரு கால கையால தூக்கி வச்சு ஏறுறதயும் கொட்டகையிலேருந்து பாத்திருக்கேன்."

"பின்ன ஏன் ஊருக்குள்ள சொல்லல்ல?"

"நான் சொன்னா உமக்க வேலை போவும். நீரே சொல்லுவீருன்னு இருந்தேன்." ஸ்பேனரைத் துடைத்தார். "பத்து நாளு பாத்தேன். பின்ன ஒரு மாசம். பின்ன எண்ணுறத விட்டுட்டேன்."

இனி என்ன செய்ய வேண்டும் என்று நான்தான் கேட்டேன்.

"நோட்டீசு ஒட்டுன எடத்துல ஒட்டணும் சாரே. வேற என்ன" என்று சொல்லிவிட்டு மத்தியாஸ் செயினுக்குத் திரும்பினார்.

அன்று மாலையே எழுத உட்கார்ந்தேன். 'தவறான புரிதல் காரணமாக' என்று தொடங்கினேன். தாணப்பன் குறுக்கிட்டார். "என்ன புரிதல்? தாணப்பன் பொய் சொன்னான்னு எழுதும். பேரு பெருசா இருக்கட்டு." அப்படியே எழுதினேன். கீழே, விசாரிக்காமல் முந்தைய நோட்டீஸை எழுதியது நான் என்று சேர்த்தேன். என் பெயரைச் சிறிதாகத்தான் எழுதினேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

குழு ஹைட்ரோஸ்டேட்டிக்கையே வாங்கியது. ஆழத் தொழிக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு கியர் வண்டியை வாடகைக்கு எடுக்கிறோம். தாணப்பனை யாரும் இறக்கவில்லை. 'இறக்கிவிடுங்கள்' என்று அவர்தான் இரண்டு முறை வந்து கேட்டார். ஜாஸ்மி, "அவரே ஓட்டட்டு" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். மத்தியாஸ் திரும்பி வரவில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். "புது வண்டிக்குக் கம்பெனிக்காரன் உண்டுல்லா" என்று சொல்லி அனுப்பினார்.

படிப்பகத்துப் பலகை சிறியது. கோவில் கொடை, கண் பரிசோதனை முகாம், இரங்கல் செய்தி என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போவார்கள். போன திங்கட்கிழமை பேப்பர் படிக்கப் போயிருந்தேன். வேலை முடித்து வரும் வழியில் தாணப்பன் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். என்னைக் கவனிக்கவில்லை. ஏதோ கடைத் திறப்பு விழா நோட்டீஸ் ஒன்று எங்கள் காகிதத்தை முழுசாக மூடியிருந்தது. மேலே இருந்ததைக் கிழியாமல் மெல்ல உரித்தெடுத்துப் பலகையின் ஓரத்தில் ஒட்டினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, தன் பெயர்மேல் காய்ந்திருந்த பசையை நகத்தால் சுரண்டி எடுக்க ஆரம்பித்தார்.