சாவு வீட்டுத் தாளமும் என் தங்கையின் கல்யாணமும்

என் தங்கையின் கல்யாண விருந்தில் அவளும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் நடந்து வந்தபோது ஒலித்த இசை நான் செய்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. யாராவது கேட்டால் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

பகலில் எனக்கு, நாங்கள் இருக்கும் தம்போய் வட்டாரத்தில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. வீடு திரும்பியதும் லேப்டாப்பைத் திறந்து இசை செய்ய உட்கார்ந்துவிடுவேன். மேளம் அடிக்கத் தெரியாது, கீபோர்டில் ஒற்றை விரல்தான். எனக்குக் கைகொடுப்பவை லூப்புகள். யாரோ அடித்துப் பதிவு செய்த சிறு தாளத்துண்டுகள் அவை. இணையத்தில் வாங்கலாம், திரும்பத் திரும்ப ஓடவிடலாம். உன் இசையில் சேர்த்துக்கொள் என்று விற்பவரே அனுமதியும் தந்துவிடுகிறார்.

விற்பவர் தந்த அனுமதியை என் பெரியப்பா மகன் தரவில்லை. அண்ணன் உறுமி மேளக் குழு வைத்திருப்பவர். எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் மேளம் அடித்து மணமக்களை உள்ளே அழைத்து வருவது அவர் குழுதான். தங்கையோ அக்காவின் இசைக்குத்தான் நடப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அண்ணன் என் இசையைக் கேட்டார்.

"இத யார் அடிச்சது?"

"லூப் அண்ணே. வாங்கினது."

"அப்போ உன் மியூசிக் இல்லலா. எவனோ அடிச்சத நீ ஒட்டி வச்சிருக்க. மண்டபத்துல நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சரி, நான் வாங்கினத அப்படியே போடுறேன், கேளுங்க" என்று கைபடாத லூப்பை ஓடவிட்டேன். 'இந்தியக் கல்யாணக் கொண்டாட்டம்' என்று பெயர் வைத்து வெளிநாட்டில் யாரோ விற்ற பறைத் துண்டு அது. அண்ணனின் முகம் மாறியது.

"அலமாக், இது பொணம் தூக்குற அடிலா."

எனக்கு அது முன்பே தெரியும். முதல் தடவை நான் அதை ஓடவிட்டபோதே அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளியே வந்து, "எந்த வீட்டுல சாவு?" என்று கேட்டார். சிம்பாங் ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், அந்த அடியைக் கேட்டால் கால் தானாக வாசலுக்குப் போய்விடும். விற்றவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. பெயரை நம்பி எத்தனை பேர் கல்யாணத்தில் போட்டுத் தொலைத்தார்களோ.

தூக்கிப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தத் தோலின் சத்தத்தைக் கைவிட எனக்கு மனம் வரவில்லை. அடி அடியாக நறுக்கினேன். இழுத்து இழுத்து விழும் கனத்த அடிகளைப் பிரித்தெடுத்து விலக்கிவிட்டு, மற்றவற்றை வேறு வரிசையில் கோத்தேன். என் கண்ணாடி வளையல்களைக் குலுக்கிப் பதிவு செய்து நடுவில் சேர்த்தேன். சரியாக வரவில்லை என்று எத்தனையோ முறை கலைத்தேன். அம்மா தலையாட்டிக்கொண்டே வெங்காயம் நறுக்கிய அன்றுதான் கையை எடுத்தேன்.

இதையெல்லாம் சொல்லி, மறுபடியும் என் இசையைப் போட்டேன். அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"உழைச்சிருக்க, இல்லேங்கல. ஆனா நாங்க பொண்ணோட கால பார்த்து அடிக்கிறோம். அவ நின்னா அங்கேயே சுத்துவோம், நடந்தா கூட நடப்போம். ஒன்னோட பெட்டிக்குக் கண்ணு இருக்கா?"

கேள்வி நியாயமானது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். என் இசைக்கே மணமக்கள் நடப்பார்கள். அண்ணனின் குழு வாசலோரம் மேளத்தோடு தயாராக நிற்கும். நான் சொதப்பினால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படி நடந்தால் எங்கள் சொந்தக்காரர்கள் எனக்கு 'ரெடிமேட்' என்று பெயர் வைத்து, என் பிள்ளைகள் காலம் வரை கூப்பிடுவார்கள்.

அதனால் இசையைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்தேன். நான் விசையைத் தட்டும்வரை ஒரு பகுதி அங்கேயே சுற்றும். கண் என்னுடையதாக இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

விருந்தன்று பட்டுச்சேலையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து தங்கையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி தூரத்தில் அவளுடைய குதிகால் செருப்பில் சேலைக் கரை மாட்டிக்கொண்டது. நின்றுவிட்டாள். மாப்பிள்ளையின் அக்கா குனிந்து அதை விடுவிக்கத் தொடங்கினார். வாசலோரம் அண்ணன் குச்சியை ஓங்கிவிட்டார்.

நான் அந்தப் பகுதியைச் சுற்றவிட்டேன். பறையை மெல்லக் குறைத்து வளையல் சத்தத்தை மட்டும் வைத்தேன். முன்வரிசையில் யாரோ அதற்குக் கைதட்ட ஆரம்பிக்க, மண்டபமே சேர்ந்து தட்டியது. எல்லாம் திட்டப்படி நடப்பதாகவே அவர்கள் நினைத்திருப்பார்கள். தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் அடுத்த அடி எடுத்து வைத்த நொடியில், அந்தப் பாதத்தோடு சேர்த்துப் பறையை இறக்கினேன்.

அண்ணனின் குச்சியும் இறங்கியது. என்னை நிறுத்த அல்ல, என் தாளத்தோடு சேர. அவருக்குப் பின்னால் குழு முழுவதும் சேர்ந்துகொண்டது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது, கண்ணும் கலங்கியது. விசையிலிருந்து விரலை மட்டும் எடுக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் பாயசக் கிண்ணங்களோடு அண்ணனின் மேசைக்குப் பின்னால் வந்தேன். மாப்பிள்ளையின் மாமா அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு மாப்பிள்ளை வர்றப்போ முதல்ல கேட்டுச்சே, அது நல்லா இருந்துச்சு. யார் அடிச்சது?"

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. வாயிலிருந்த பிரியாணியை மென்று முடித்துவிட்டுச் சொன்னார்.

"என் தங்கச்சி."