மண்முனைத் துறையில் துடுப்பு நின்ற நேரம்

மூன்று மாதத்துக்கு முந்திய பயணம் இது. கைக்குழந்தைக்காரிக்கு எழுத நேரம் எங்கே? கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து பிள்ளையோடு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று இப்போதாவது எழுதுகிறேன்.

எட்டு மாத மகள் பவானி இரண்டு நாளாகச் சரியாகப் பால் குடிக்கவில்லை. வாயை வைப்பாள், உடனே வீரிட்டு அழுவாள். கணவருக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. காலை ஆறு மணிக்கு நான் மட்டும் பிள்ளையோடு மாட்டு வண்டியில் ஏறினேன். துறைக்கு இரண்டு மைல், முக்கால் மணி நேரம். கல்லூரியில் படித்த சுகாதாரப் பாடத்தின்படி, பால் கொடுத்த நேரமெல்லாம் குறித்த கொப்பி கையில் இருந்தது.

வாவியைக் கடக்கத் தோணிக்கு ஆளுக்கு மூன்று சதம். பெண்கள் பின்பக்கம். அருகில் என் வயதுக்காரி ஒருத்தி, காத்தான்குடி மர்ஜான்.

"ஏன்கா புள்ள இப்பிடி அழுவுது?"

கொப்பியைத் திறந்து வாசித்தேன். குறுக்கே பேசாமல் கடைசி வரிவரை கேட்டாள். வீட்டில் என்றால் இரண்டாம் வரியிலேயே, "உனக்குப் பால் பத்தாது" என்று முடித்திருப்பார்கள்.

"நேரமெல்லாம் சரிகா. எந்தக் கையில கிடத்தினாக் கூடுதலா அழுவா?"

எனக்குத் தெரியவில்லை. கொப்பியிலும் இல்லை.

அவள் தோணிக்காரரைக் கூப்பிட்டாள். "அண்ணன், துடுப்பக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

"மீன் பாட்டுக் கேக்கவோ? அதுக்கு நிலவுக்கு வரவேணும் புள்ள."

"இந்தப் புள்ளைட பாட்டுத்தான் கேக்கணும்."

நிலவு இரவில் வாவிக்குள் மீன் பாடும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு; எல்லோரும் சிரித்தார்கள். பஸ் போய்விடும் என்று ஒருவர் முணுமுணுத்தார். துடுப்பு நின்றது. தண்ணீர்ச் சத்தம் அடங்கியது.

வலக்கையில் கிடத்தினேன், சிணுங்கினாள். இடக்கைக்கு மாற்றினேன். வலக்காது என் கையில் அழுந்தியதும் வீரிட்டாள். அவள் கையும் அந்தக் காதுக்குப் போனது.

"காதுதான்கா," என்றாள் மர்ஜான்.

மறுபடி வலக்கையில் போட்டுப் பால் கொடுத்தேன். குடித்தாள்! நடு வாவியில், வயிறு நிறைய.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ட மூத்தவளும் இப்பிடித்தான் அழுதா. எல்லாரிட்டயும் சொன்னன், ஆரும் முழுசாக் கேக்கல்ல. இப்ப அவக்கு வலக்காது கேக்காது."

கொப்பியை மூடிவிட்டேன். கரையிலிருந்து பஸ் ரோட்டுக்கு நடந்தபோதும், பஸ்ஸிலும், அவள் காத்தான்குடியில் இறங்கும்வரை அவள்தான் பேசினாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர், "எத்தனை வேளை பால்?" என்று தொடங்கினார். "வலக்காதைப் பாருங்கள்," என்றேன். பார்த்தார். உள்ளே சீழ். நல்லவேளை இப்போதே கொண்டுவந்தீர்கள் என்றார்.

போகிறவர்களுக்கு: ஏழு மணித் தோணியைப் பிடியுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு காற்றில் தோணி ஆடும். குடை அவசியம். கொப்பியும் கொண்டுபோகலாம், ஆனால் முதலில் பிள்ளையைக் கவனியுங்கள்.

போன கிழமை பவானியோடு மர்ஜான் வீட்டுக்குப் போனேன். அவள் மூத்தவளுக்கு இடப்பக்கமாக உட்கார்ந்தேன். அந்தப் பிள்ளை தன் பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் சொல்லி முடித்துத்தான் விட்டாள். மூன்று மணித் தோணி போய்விட்டது. பரவாயில்லை, நாலரைக்கு ஒன்று இருக்கிறது.